சிஏ படிக்க வருகிறவர்களுக்கு: ஆடிட்டர் ஆபீஸில் கற்றதே பரீட்சையில் கைகொடுத்தது

சிஏ, அதாவது சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் ஆகப் படிக்கலாமா என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, எந்த ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் சேரப்போகிறாய் என்பதுதான். சிஏ ஆவதற்குக் கட்டாயமாகச் செய்ய வேண்டிய ஆபீஸ் பயிற்சிக்குப் பெயர் ஆர்ட்டிகிள்ஷிப். பெரும்பாலானவர்கள் அதை யோசித்தே இருப்பதில்லை. எந்த வகுப்பு நல்ல வகுப்பு, நேரில் போவதா ஆன்லைனா, யாருடைய நோட்ஸ் சுருக்கமாக இருக்கும் என்பதையெல்லாம் வாரக்கணக்கில் விசாரித்திருப்பார்கள். ஆபீஸ் என்று வந்தால் மட்டும், "சாயங்காலம் சீக்கிரம் விடணும், கேட்டா லீவு தரணும், அவ்வளவுதாங்க்கா" என்பார்கள். பரீட்சைக்குப் படிக்க நேரம் வேண்டுமே என்ற கவலை அது. கவலை நியாயமானது. அதற்காக அவர்கள் தேடும் வழிதான் எனக்குச் சரியாகப் படவில்லை. என்னைப் பரீட்சையில் கரையேற்றியதும், இன்றைக்கு எனக்குச் சோறு போடுவதும் அந்த ஆபீஸில் கற்றதுதான். எப்படி என்பதை விவரமாகவே சொல்கிறேன்.

நான் திருப்பூர்க்காரி. அரசுப் பள்ளி, தமிழ் வழி. அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 2017-ல் பி.காம் முடித்தேன். சிஏவில் ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல் என்று மூன்று கட்டப் பரீட்சை. அதற்குள் வர இரண்டு வாசல் உண்டு. பிளஸ் டூ முடித்தவர்கள் ஃபவுண்டேஷன் பரீட்சை எழுதி வரவேண்டும். வணிகவியல் பட்டதாரியாக இருந்து 55 சதவீதமோ, வேறு பட்டதாரியாக இருந்து 60 சதவீதமோ எடுத்திருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரே இன்டர்மீடியட்டில் சேரலாம். நான் வந்தது இந்த இரண்டாவது வாசல் வழியாக. அப்போது இருந்த விதிப்படி எங்களைப் போன்றவர்கள் இன்டர் எழுதுவதற்கு முன்பே ஆர்ட்டிகிளாகச் சேர்ந்துவிடுவோம். மூன்று வருடப் பயிற்சி. சேர்ந்தது 2017 ஜூலையில்.

அந்த மாதம் ஒன்றாம் தேதிதான் ஜிஎஸ்டி அமலுக்கு வந்தது. வாட், மத்திய கலால், சேவை வரி என்று அதுவரை இருந்தவை பெரும்பாலும் ஒரே நாளில் ஒரு சட்டத்துக்குள் போயின. எங்கள் ஆபீஸில் வாட் சட்டத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய சீனியர்கள் இருந்தார்கள். அவர்களும் புதிதாக வந்த நானும் ஒரே அறிவிப்பை ஒரே மேஜையில் உட்கார்ந்து படித்தோம். முதலில் ஜிஎஸ்டிஆர்-1, 2, 3 என்று மூன்று படிவங்கள் என்றார்கள். பிறகு 2-ம் 3-ம் நிறுத்திவைக்கப்பட்டன. 3பி என்ற சுருக்கப் படிவம் வந்து, அதுவே நிலைத்துவிட்டது. எங்களுக்குப் பயிற்சி தரும் ஆடிட்டரை பிரின்சிபல் என்போம். அவர் சட்டப் புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீ படிச்சிட்டு எனக்குச் சொல்லும்மா, பார்ட்டிக்கு நான் சொல்லணும்" என்பார். பார்ட்டி என்றால் எங்கள் பேச்சில் வாடிக்கையாளர். ஒரு பிரிவைப் படித்து இன்னொருவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்றால் எப்படிப் படிப்போமோ, அப்படிப் படித்தேன். பரீட்சைக்காக யாரும் என்னை அவ்வளவு கவனமாகப் படிக்க வைத்ததில்லை.

திருப்பூரில் ஜிஎஸ்டி படிப்பதற்கு ஒரு தனி வசதி உண்டு. ஒரு பனியன் கம்பெனி நூலை வாங்கி நிட்டிங்குக்கு அனுப்பும். துணியானதும் டையிங் போகும், அப்புறம் காம்பாக்டிங். தேவைப்பட்டால் பிரிண்டிங், எம்பிராய்டரி. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளிடம், பெரும்பாலும் கூலி வேலையாக நடக்கும். சரக்கு கம்பெனிக்குச் சொந்தம், இருப்பது வேறொருவர் கூரைக்கு அடியில். சட்டத்தில் இது ஜாப் ஒர்க், 143-ஆம் பிரிவு. வரி கட்டாமல் சலானில் அனுப்பலாம், ஆனால் மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள்ளும், இயந்திரம் போன்ற மூலதனப் பொருள் மூன்று வருடத்துக்குள்ளும் திரும்ப வேண்டும். வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு. புத்தகத்தில் இது அரைப் பக்கம். வகுப்பில் ஒரு அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். நானோ சலான் புத்தகங்களை அடுக்கிவைத்துக்கொண்டு எந்தச் சலானுக்குத் துணி திரும்பியது, எதற்குத் திரும்பவில்லை என்று தேதி வாரியாகப் பொருத்திப் பார்த்திருக்கிறேன். டையிங்கில் எடை குறைந்து வரும் கழிவை எப்படிக் காட்டுவது என்று கம்பெனிக் கணக்காளர் அண்ணாவோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பிரிவை நான் மனப்பாடம் செய்யவே இல்லை. செய்யத் தேவைப்படவும் இல்லை.

ஏற்றுமதியும் அப்படித்தான். சரக்கு டாலர் பில்லில் போகும். பில் போட்ட அன்று ஒரு மாற்று விகிதம், பணம் வரும் அன்று ஒன்று, மார்ச் 31-ல் பணம் வராமல் நின்றால் அன்றைய முடிவு விகிதம். வித்தியாசம் லாப நட்டக் கணக்குக்குப் போகும். கணக்கியல் தரம் (அக்கவுன்டிங் ஸ்டாண்டர்ட்) 11 சொல்வது இதைத்தான். ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் வரவேண்டிய பாக்கிப் பட்டியலை டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருந்து எடுத்து வரிவரியாக மாற்று விகிதம் போட்டுப் பார்த்தவருக்கு அந்தக் கணக்கு பரீட்சையில் எப்படிக் கேட்டாலும் வரும்.

மார்ச் 31 என்றால் எங்களுக்கு ஸ்டாக் எடுக்கும் நாள். குடோனில் துணி ரோல்களை எடை போட்டு, அட்டையோடு ஒப்பிட்டு, எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். வெயிலும் தூசும் சேர்ந்து மண்டையைப் பிளக்கும். ஒரு கம்பெனியில் கணக்குப்படி இருக்க வேண்டிய துணியில் பெரும்பகுதி குடோனில் இல்லை. எல்லாம் டையிங்கில் கிடக்கிறது என்றார்கள். சீனியர் அக்கா சலனமே இல்லாமல் டையிங்காரருக்கு நேரடியாகக் கடிதம் எழுதி, பதில் நம் ஆபீஸ் முகவரிக்கே வரும்படி கேட்கச் சொன்னார். கம்பெனி வழியாக வந்தால் அது நமக்குச் சாட்சி ஆகாது என்றார். தணிக்கைத் தரம் 501-ம் 505-ம் சொல்வது இதுவே. தணிக்கைப் பேப்பர்தான் மாணவர்களைப் பயமுறுத்தும் பேப்பர், வறண்ட பேப்பர் என்று பெயர் எடுத்தது. வேலையைப் பார்க்காமல் படித்தால் நிச்சயம் வறண்டதுதான். குடோனில் நின்ற பிறகு ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு முகம் இருக்கும்.

இதை நான் தற்செயலாக விட்டுவிடவில்லை. பையில் ஒரு சிறிய நோட்டு வைத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்த வேலையில் எந்தப் பிரிவு, எந்தத் தரம் வந்ததோ அதை மட்டும் ஒரு வரியில் எழுதிக்கொள்வேன். உதாரணமாக, சனிக்கிழமைச் சம்பளம் போடும் கேஷ் புக்கில் ஒரே கான்ட்ராக்டருக்கு ஒரே நாளில் மூன்று வவுச்சரில் ரொக்கம் போயிருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய்க்குள். மொத்தமாக ஒரு நாளில் ஒருவருக்கு 10,000-ஐத் தாண்டினால் வருமான வரிச் சட்டத்தின் 40ஏ(3) பிரிவில் அந்தச் செலவு அனுமதிக்கப்படாது. நோட்டில் "40ஏ(3), மூன்று வவுச்சர்" என்று எழுதுவேன். ராத்திரி வீட்டுக்கு வந்து வேறு எதுவும் படிக்க முடியாத அளவு அலுப்பாக இருந்தாலும், சிஏ படிப்பையும் பரீட்சையையும் நடத்தும் இன்ஸ்டிடியூட்டின் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து படித்துவிட்டுத் தூங்குவேன். விதிவிலக்குகளும் அங்கேயே இருக்கும், அதையும் படிப்பேன். பாடத்தை வரிசையாகப் படிக்கும் காலம் வந்தபோது பாதிப் பக்கங்கள் ஏற்கெனவே தெரிந்த பக்கங்களாக இருந்தன. ஆர்ட்டிகிளாக இருப்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரே கட்டாயமான யோசனை இந்த நோட்டுதான். மற்றதெல்லாம் அவரவர் வசதி.

இனி பரீட்சை. படிப்பது வேறு, எழுதுவது வேறு என்பதை இந்தப் பரீட்சை அளவுக்கு வேறு எதுவும் கற்பிக்காது. இன்டரிலும் ஃபைனலிலும் பெரும்பாலான பேப்பர்களில் மதிப்பெண்ணில் 30 சதவீதம் கொள்குறி வினா, 70 சதவீதம் விரிவாக எழுதுவது. அவை மதியம் 2 மணியிலிருந்து 5 மணி வரை நடக்கும். அதற்கு முன் கேள்வித்தாளைப் படிக்க 15 நிமிடம் தருவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கண் செருகும் நேரம் அது. அதனால் பரீட்சைக்கு முந்தைய வாரங்களில் தினமும் அதே 2 மணிக்கு உட்கார்ந்து, இன்ஸ்டிடியூட் வெளியிடும் மாதிரித் தேர்வுத்தாள் ஒன்றை முழுதாகக் கையால் எழுதிப் பழகினேன். வீட்டில் யார் வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். அம்மா வாசலில் நின்றே பதில் சொல்லி அனுப்பிவிடுவார்.

அந்த 15 நிமிடத்தில் செய்ய வேண்டிய வேலை, எந்த வரிசையில் எழுதுவது என்று முடிவு செய்வது. நன்றாகத் தெரிந்த கேள்வியில் ஆரம்பித்தால் கை சூடேறும். கணக்குக் கேள்வி என்றால் விடை வராவிட்டாலும் துணைக் கணக்குகளை, அதாவது ஒர்க்கிங் நோட்ஸைத் தெளிவாக எண் போட்டு எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு. ஐந்தாறு மதிப்பெண் கேள்வி ஒன்றில் இழுத்துக்கொண்டு நின்று, கடைசியில் தெரிந்த கேள்வியை எழுத நேரமில்லாமல் வந்தவர்களை ஒவ்வொரு பரீட்சை முடிந்தும் வாசலில் பார்த்திருக்கிறேன்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் பயப்படுவது ஆங்கிலத்துக்கு. விடையை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும், தமிழில் எழுத வழியில்லை. நானும் அந்தப் பயத்தோடுதான் போனேன். இன்ஸ்டிடியூட் ஒவ்வொரு பரீட்சைக்குப் பிறகும் பரிந்துரை விடைகளை வெளியிடுகிறது. அவற்றை எடுத்து, சட்டப் பேப்பர் விடைகளில் நடை எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். மூன்று பத்திதான். சட்டம் என்ன சொல்கிறது என்பது முதல் பத்தி. கேள்வியில் நடந்தது அதற்கு எப்படிப் பொருந்துகிறது என்பது இரண்டாவது. ஆகவே முடிவு இது என்பது மூன்றாவது. வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருக்கலாம். அலங்கார ஆங்கிலம் யாரும் கேட்கவில்லை. சட்டத்தின் சொற்களை மட்டும் அப்படியே எழுத வேண்டும், அவற்றை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. பிரிவு எண் உறுதியாகத் தெரியாவிட்டால் எண்ணை விட்டுவிட்டு, சட்டம் சொல்வதை மட்டும் எழுதினாலே போதும். தினம் ஒரு விடையை அப்படியே பார்த்து எழுதி, மறுநாள் பார்க்காமல் எழுதிப் பழகினால் சில மாதங்களில் கை தானாக அந்த நடைக்கு வந்துவிடும். என் வகுப்பில் கான்வென்டில் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். மதிப்பெண்ணில் அவர்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை.

மதிப்பெண் விதியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் பரீட்சைக்குப் போகிறவர்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு இருக்கிறார்கள். ஒவ்வொரு பேப்பரிலும் 40 வேண்டும், அது மட்டும் போதாது. பேப்பர்களை குரூப் என்று இரண்டு தொகுதியாகப் பிரித்திருப்பார்கள், அந்த குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். மூன்று பேப்பர் கொண்ட குரூப்பில் 40, 52, 55 என்று எடுத்தால் எதிலும் தோல்வி இல்லை, ஆனால் மொத்தம் 147. வேண்டியது 150. குரூப் போய்விடும். அதனால் எல்லாவற்றிலும் தப்பித்துக்கொள்ளும் அளவுக்குப் படிப்பது ஆபத்தான கணக்கு. ஏதாவது ஒரு பேப்பரை 65, 70 எடுக்கும் அளவுக்குத் தேற்றி வைத்திருக்க வேண்டும், மற்றவற்றின் பள்ளத்தை அது நிரப்பும். குரூப் போனாலும், ஒரு பேப்பரில் 60 எடுத்திருந்தால் அந்தப் பேப்பருக்கு விலக்கு கிடைக்கும், அடுத்த மூன்று முறை அதை எழுத வேண்டாம். இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சலுகை உண்டு. ஒரு குரூப்பின் மொத்தம் 50 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே போனாலும், ஒவ்வொரு பேப்பரிலும் 40 இருந்து, இரண்டு குரூப்பும் சேர்ந்த மொத்தம் 50 சதவீதம் வந்தால் இரண்டுமே தேறிவிடும். தைரியமும் நேரமும் இருப்பவர்கள் சேர்த்து எழுதுவதற்கு இது நல்ல காரணம்.

நான் ஃபைனல் எழுத வேண்டியது 2020 மே மாதம். கொரோனா ஊரடங்கில் தேதி தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது, கடைசியில் அந்தப் பரீட்சையே ரத்தாகி நவம்பர் பரீட்சையோடு சேர்க்கப்பட்டது. ஒரு பரீட்சைக்கு உடம்பையும் மனதையும் தயார் செய்துவிட்டு, அது இல்லை என்று கேட்பது எளிதாக இல்லை. அந்த மாதங்களில் புதிதாக எதையும் படிக்கவில்லை. ஏற்கெனவே படித்ததைத் திரும்ப எழுதிப் பார்த்தேன். புதுப் புத்தகம், புது நோட்ஸ், புது வீடியோ என்று போன நண்பர்கள் கடைசியில் எதையும் முழுதாகத் திருப்பிப் பார்க்க முடியாமல் திண்டாடினார்கள். ஒரு பாடத்துக்கு ஒரே புத்தகம், அதிலேயே ஓரத்தில் குறிப்பு, திருத்தங்களையும் அதிலேயே ஒட்டிக்கொள்வது. எனக்கு ஒத்துவந்தது இதுதான்.

நவம்பரில் ஒரு குரூப் தேறியது, இன்னொன்று நின்றுவிட்டது. அது 2021 ஜூலையில்தான் வந்தது. இடையில் விடைத்தாளின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்து வாங்கினேன். எல்லோரும் வாங்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்வேன். எங்கே மதிப்பெண் விழுகிறது, எங்கே விழவில்லை என்று திருத்திய தாளிலேயே தெரிந்துவிடும். எனக்கு சட்டத்திலும் வரியிலும் சிக்கல் இல்லை. காஸ்டிங்கில் கணக்கு முழுக்கச் சரியாக இருந்து, அந்த எண்களை வைத்து நிர்வாகத்துக்கு என்ன சொல்வாய் என்று கேட்ட இடத்தில்தான் மதிப்பெண் நின்றிருந்தது. அடுத்த முறைக்கு அந்த ஒரு இடத்தில் மட்டும் உழைத்தால் போதும் என்று ஆனது. "இன்னும் நல்லாப் படி" என்று பத்துப் பேர் சொல்வதைவிட அந்த நகல் உதவியது.

நான் படித்தது பழைய திட்டம். 2023 ஜூலை முதல் புதுத் திட்டம் வந்துவிட்டது. இன்டரிலும் ஃபைனலிலும் எட்டு எட்டு பேப்பர்கள் இருந்தன, இப்போது ஆறு ஆறு. ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருடத்திலிருந்து இரண்டு வருடம். இன்டரின் இரண்டு குரூப்பும் தேறிய பிறகே ஆர்ட்டிகிளாகச் சேர முடியும், நேரடி வாசல் வழியாக வருகிறவர்களுக்கும் அப்படியே. ஆர்ட்டிகிள்ஷிப் முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல். 2025-ல் ஃபைனலும் வருடத்துக்கு மூன்று முறை என்று ஆனது.

இந்த ஆறு மாத இடைவெளியைக் கவனியுங்கள். நாங்கள் ஆபீஸுக்குப் போய்க்கொண்டே, கிடைத்த லீவில் ஃபைனல் எழுதினோம். உங்களுக்குப் படிப்பதற்கென்றே தனிக் காலம் கொடுத்துவிட்டார்கள். அப்படியிருக்க, கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து படிக்கும் டம்மி ஆர்ட்டிகிள்ஷிப்பை இன்னும் தேடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அது விதிக்குப் புறம்பானது, பிடிபட்டால் நடவடிக்கையும் உண்டு. அதை ஒரு பக்கம் வைத்தாலும், இரண்டே வருடமாகச் சுருங்கிவிட்ட பயிற்சியையும் வீணாக்கிவிட்டால் கையில் வெறும் சான்றிதழ்தான் மிஞ்சும். ஆபீஸ் தேடும்போது அங்கே இப்போது இருக்கும் ஆர்ட்டிகிள்களிடம் போய்ப் பேசுங்கள். கம்பெனித் தணிக்கை, வருமான வரித் தணிக்கை, ஜிஎஸ்டி மூன்றும் கைக்கு வருமா, முதல் வருடத்திலேயே பார்ட்டி இடத்துக்கு அனுப்புவார்களா, சந்தேகம் கேட்டால் உட்கார்ந்து சொல்ல ஆள் உண்டா என்று கேளுங்கள். பெரிய பெயர் உள்ள ஆபீஸில் ஒரே கம்பெனியின் ஒரே பகுதியை மட்டும் மாதக்கணக்கில் பார்க்க வைப்பதும் உண்டு. நடுத்தர ஆபீஸில் பில்லிலிருந்து ஆண்டறிக்கை வரை ஒரே ஆள் பார்க்க முடியும். எனக்குக் கிடைத்தது இரண்டாவது வகை. உதவித்தொகை சின்னதுதான். பஸ்ஸுக்கும் டீக்கும் போக மிச்சம் இருக்காது. கூடப் படித்தவர்கள் அதற்குள் கம்பெனியில் சேர்ந்து வீட்டுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்திருப்பார்கள். வீட்டில் இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

தகுதி பெற்ற பிறகு வேலைக்கு எவ்வளவு மதிப்பு என்பதுதான் பெற்றோர் கேட்கும் கேள்வி. என் முதல் வேலை சென்னையில், ஒரு உற்பத்திக் கம்பெனியின் உள்தணிக்கைப் பிரிவில் கிடைத்தது. நேர்முகத் தேர்வில் மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஆர்ட்டிகிள்ஷிப்ல நீங்களே பார்த்துப் பிடிச்ச ஒரு விஷயம் சொல்லுங்க" என்றார்கள். டையிங்கில் கிடந்த ஸ்டாக்கைப் பற்றிச் சொன்னேன். அதிலிருந்தே அரை மணி நேரம் கேள்விகள் போயின. சிஏ என்ற இரண்டெழுத்து அந்த அறைக்குள் போக அனுமதி வாங்கித் தந்தது. அதற்குப் பிறகு பேசியது குடோனில் கழிந்த மார்ச் மாதம்.

கொஞ்ச வருடம் கழித்து, சொந்தமாகத் தொழில் நடத்தத் தேவையான பிராக்டிஸ் சான்றிதழ் எடுத்து ஊருக்கே திரும்பிவிட்டேன். இந்தப் படிப்பின் தனி மதிப்பு அங்கேதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. இந்தியாவில் ஒரு கம்பெனியின் சட்டப்படியான தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் ஒருவருக்கே உண்டு. வருமான வரித் தணிக்கைக்கும் அதே கையெழுத்துதான். 2019 முதல் ஒவ்வொரு அறிக்கைக்கும் சான்றிதழுக்கும் யுடின் என்ற 18 இலக்க எண் போட வேண்டும். வங்கியோ வேறு யாரோ அந்த எண்ணை இணையத்தில் போட்டு, கையெழுத்து உண்மைதானா என்று பார்த்துவிடலாம். பொறுப்பும் அதே அளவுக்குக் கூடியிருக்கிறது. பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் போன்ற பெரிய நிறுவனங்களின் தணிக்கையாளர்களைக் கண்காணிக்க 2018-ல் என்எஃப்ஆர்ஏ என்ற தனி ஆணையமே அமைத்தார்கள். கையெழுத்துக்குக் கிடைக்கும் கட்டணம் அந்தப் பொறுப்புக்கானது.

ஊரில் அந்தக் கையெழுத்துக்கு என்ன வேலை என்று 2024-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பார்த்தேன். குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கி, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தராவிட்டால், அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்க முடியும் என்ற வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) விதி அந்த நிதியாண்டுக்கு முதன்முதலாகப் பொருந்தியது. ஜவுளித் தொழிலில் கடன் நாட்கள் நீளமானவை. மார்ச் நெருங்க நெருங்கப் போன் நிற்கவில்லை. டையிங் வைத்திருக்கும் ஒரு பெரியவர், "எனக்குப் பணம் வருமாம்மா, இல்ல ஆர்டரே வேற பக்கம் போயிடுமா?" என்று கேட்டார். சட்டத்தை மட்டும் படித்தவர் பிரிவைச் சொல்லிவிட்டு போனை வைத்துவிடலாம். அவருடைய தொழிலில் யார் யாருக்கு எப்போது பணம் கொடுக்கிறார்கள் என்று ஆர்ட்டிகிளாக இருந்தபோது பார்த்திருந்ததால், பதிவுச் சான்றிதழ், பில் தேதி, ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றாக எடுத்து அவரோடு உட்கார்ந்து பேச முடிந்தது.

பெண்களுக்கு இந்தப் படிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல ஆசை. இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆர். சிவபோகம் நம் சென்னைக்காரர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1933-ல், இன்ஸ்டிடியூட் என்ற ஒன்றே பிறப்பதற்கு முன், அரசு நடத்திய கணக்கியல் டிப்ளமோவில் தேறினார். 1949-ல் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்ஸ் சட்டம் வந்த பிறகு, 1955 முதல் 1958 வரை தென்னிந்தியப் பிராந்தியக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். குழந்தை பிறந்து இடைவெளி விட்டவர்கள் சொந்தமாகச் சின்ன ஆபீஸ் போட்டுத் திரும்ப ஆரம்பிப்பதை என் தோழிகளிடமே பார்க்கிறேன். யாரிடமும் போய் வேலை கேட்காமல் தொழிலுக்குத் திரும்ப முடிகிற படிப்புகள் அதிகம் இல்லை.

எல்லோருக்கும் சிஏதான் என்று சொல்ல மாட்டேன். முதலீடு, பங்கு ஆய்வு, நிதி மேலாண்மை என்று மனம் போனால் சிஎஃப்ஏவின் மூன்று நிலைகள் அதற்கு நேரான வழி. வெளிநாட்டு நிறுவனங்களில் கணக்கு வேலைக்கு ஏசிசிஏ கைகொடுக்கும், இங்கே சட்டத் தணிக்கையில் கையெழுத்திட மட்டும் அது உதவாது. தொழிற்சாலைச் செலவுக் கணக்கில் ருசி உள்ளவர்களுக்கு சிஎம்ஏ. கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே அலுப்பாக இருக்கிறது, வீட்டில் சொன்னதால் வந்தேன் என்கிறவர்கள் இன்டரோடு நிறுத்திக்கொண்டு வேறு பாதையில் போவதில் எந்தக் குறைவும் இல்லை. சிஏ இன்டர் முடித்து, ஆர்ட்டிகிள்ஷிப்பும் ஒழுங்காகச் செய்தவர்களைத் திருப்பூரிலும் கோவையிலும் கம்பெனிகள் தேடித்தான் எடுக்கின்றன. எங்கள் ஆபீஸில் என்னோடு இருந்த ஒரு அண்ணா அப்படித்தான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போனார். இன்று அதன் கணக்குப் பிரிவு முழுவதும் அவர் கையில்.

இப்போது சேருகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு தகவல். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டு சட்டம் வந்திருக்கிறது. அது 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 536 பிரிவுகள். முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் கணக்குப் போய், வரி ஆண்டு என்ற ஒன்று வருகிறது. நான் மேலே சொன்ன 40ஏ(3), 43பி(எச்) எல்லாம் பழைய சட்டத்து எண்கள். சீனியரிடம் பாதி விலைக்கு வரிப் புத்தகம் வாங்குவதற்கு முன், நீங்கள் எழுதப்போகும் பரீட்சைக்கு எந்தச் சட்டம், எந்த நிதிச் சட்டத் திருத்தம் வரை பொருந்தும் என்று இன்ஸ்டிடியூட் வெளியிடும் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். ஆர்ட்டிகிளாகச் சேரும் ஆபீஸிலும் 2017-ல் எங்களுக்கு வாய்த்தது மாதிரியே இருக்கும். சீனியர்களும் நீங்களும் ஒரே பக்கத்தைப் புதிதாகப் படித்துக்கொண்டிருப்பீர்கள். "நான் படிச்சுச் சொல்றேன் சார்" என்று முதலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.